கப்பற் பதிவேட்டில் ஒரு பூட்டன்

தந்தையின் பெயரை யாவரும் அறிவர். பாட்டன் பெயரையும் பலர் அறிவர். பூட்டன் யார், அவன் எவ்வூரான் என்று கேட்டாலோ பெரும்பாலோர் வாளாவிருப்பர். அரசர்க்குக் கல்வெட்டும் செப்பேடும் உண்டு. கூலிக்கென்று கடல் கடந்த ஏழைக்கு வரலாறு உண்டோ? உண்டு என்பதற்குத் தென்னாபிரிக்காவிலே நேட்டாலுக்குச் சென்ற கப்பல்களின் பதிவேடுகள் சான்று பகர்கின்றன.

நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியபோது, ஆங்கில ஆட்சியினர் இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளரை வரவழைத்தனர். சென்னைத் துறையிலிருந்து புறப்பட்ட துரூரோ என்னும் கப்பல் 342 பேருடன் 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் டர்பன் துறையை அடைந்தது. 1911ஆம் ஆண்டு வரையில் இவ்வாறு சென்றோர் தொகை 152,184 ஆகும். இவர்களுட் பெரும்பாலோர் சென்னையிற் கப்பலேறியவர்கள்.

கப்பலேறிய ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் வழங்கப்பட்டது. அதன் எதிரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர் என்பன எழுதப்பட்டன. உடலிலுள்ள மச்சமும் தழும்புங்கூடக் குறிக்கப்பட்டன. தொழிலாளியை ஒப்பந்தத்திற் கட்டிவைக்கவும், ஓடிப்போனவனை அடையாளங் காணவும் எழுதப்பட்ட ஏடு அது. அதே ஏட்டைத்தான் இன்று அவன் சந்ததியார் ஆவலோடு புரட்டுகின்றனர்.

தேடுவோர் முதலில் நாடுவது அந்த இலக்கத்தையே. குடும்பத்தின் பழைய விவாகப் பத்திரத்திலோ மரணப் பத்திரத்திலோ அது காணப்படுதல் உண்டு. இலக்கங் கிடைத்தாற் கப்பல் தெரியும். கப்பல் தெரிந்தால் ஊர் தெரியும். இலக்கம் இல்லாதவர் பெயரைக்கொண்டு தேடவேண்டும். அங்கேதான் இடர் தோன்றுகின்றது. எழுதுவினைஞர் தம் காதில் விழுந்தவாறே ஆங்கிலத்தில் எழுதினர். கவுண்டர் 'கோவெண்டர்' ஆயினார். முதலி 'மூட்லி' ஆயினார். ஒரே பெயருடையார் பலர். வயதோ பெரும்பாலும் உத்தேசம். ஆகவே பெயர் ஒத்தது கண்டு மகிழ்ந்துவிடாமல், தந்தை பெயரும் ஊரும் ஆண்டும் ஒருங்கே பொருந்துகின்றனவா என்று பார்த்தல் வேண்டும்.

இனி, இலங்கைக்கு வருவோம். அதே தமிழகத்து ஊர்களிலிருந்து அதே வறுமை துரத்தக் கோப்பித் தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்தவர்கள் பலர். தொடக்க காலத்தில் இவர்கள் கங்காணியின் பின்னே மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்தனர். வழியில் நோயால் மாண்டோர் அனேகர். நேட்டாற் பதிவேடு போன்றதொன்று இவர்களுக்கு இருக்கவில்லை. கங்காணியின் கடன் கணக்கிலும், தோட்டத்துச் செக்ரோலிலும், ஒரு தோட்டம் விட்டு மறுதோட்டம் போகும்போது கொடுபட்ட துண்டிலுமே இவர்கள் பெயர் தங்கியது.

அதன் விலை பின்னரே தெரிந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், இத்தீவிற் பிறந்தவர் வம்சாவளிப் பிரசையாவதற்கு அவர் தந்தை இங்கே பிறந்திருக்கவேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்கவேண்டும் என்று விதித்தது. தலைமுறைகளாக மலைநாட்டில் உழைத்த குடும்பங்கள் பல, முன்னோரின் பிறப்புப் பத்திரம் காட்ட இயலாது நாடற்றோராய் நின்றன. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வாழ்ந்தோருக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே வழி திறந்தது. இடைப்பட்ட காலம் அரை நூற்றாண்டுக்கு மேல்.

நேட்டாலுக்குப் போனவனைச் சிறுமைப்படுத்திய இலக்கமே அவன் பெயரை அழியாது காத்தது. இலக்கமின்றி வந்தவன் பேரனோ, தன் பாட்டன் இம்மண்ணிற் பிறந்தவன் என்பதை நிறுவமுடியாது தவித்தான். ஆதலின், பழைய பெட்டகத்தில் மங்கிக் கிடக்கும் கடதாசித் துண்டு எதனையும் பயனற்றதென்று எறிந்துவிடல் ஆகாது. வீட்டில் முதியோர் இருக்கும்போதே முன்னோர் பெயரையும் ஊரையும் கேட்டு ஒரு கொப்பியில் எழுதிவைத்தல் நன்று. ஏடு எழுதாது விட்டதை எழுதக்கூடியவர் அவர் மக்களே.