அடைப்புக்குறிக்குள் ஒரு தொழிலாளி

சட்டம் தொழிலாளியைப் பாதுகாக்கிறது என்கிறோம். சரி, எந்தப் பெயரில் பாதுகாக்கிறது? இந்தக் கேள்வியோடு இலங்கை மலையகத்தின் தோட்டச் சட்டங்களை ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம்.

கோப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாக நம் கிராமங்களிலிருந்து சனங்களைக் கங்காணிகள் கூட்டிப்போனார்கள். 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி தோட்டத்தை விட்டு ஓடுவது சிறைக்குப் போகிற குற்றம். அதோடு 'துண்டு' என்று ஒன்று இருந்தது. தொழிலாளி பட்ட கடனை எழுதிய சீட்டு. எந்தத் துரை அந்தக் கடனை அடைக்கிறாரோ அவருடைய தோட்டத்துக்கு ஆள் கைமாறுவான். சட்டம் அன்று பாதுகாத்தது முதலாளியின் முன்பணத்தைத்தான். 1921இல் துண்டு ஒழிக்கப்பட்டது.

பிறகு கூலிச் சட்டம் வந்தது. இந்திய அரசின் நெருக்குதலும் அதற்குப் பின்னால் உண்டு. 1927இல் இயற்றப்பட்ட அதன் பெயரைக் கவனியுங்கள்: குறைந்தபட்சக் கூலி (இந்தியத் தொழிலாளர்) சட்டம். அதன்கீழ் 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று நிர்ணயமானது. கொழுந்து பறிக்கிறவள் பெண்; கூலி குறைவும் அவளுக்கே. சமக்கூலி அவள் கைக்கு வர 1984 ஆயிற்று.

அந்த 54 சதத்தை அற்பம் என்று சொல்ல வரவில்லை. பட்டினி கிடந்தவனுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் தலைமுறைகளாக அந்த மண்ணில் உழைத்தவன் சட்டத்தின் பார்வையில் அடைப்புக்குறிக்குள் 'இந்தியன்' ஆகவே இருந்தான். கூலி தந்த அதே அடையாளம்தான் பின்னால் குடியுரிமையைப் பறிக்கவும் உதவியது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தகப்பனும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்று அத்தாட்சி கேட்டது. லயத்தில் பிறந்தவனிடம் ஏது காகிதம்? லட்சக்கணக்கானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1949இல் வாக்கும் போயிற்று.

1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். 9,75,000 பேர்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மீதியை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நீ எங்கே இருக்க விரும்புகிறாய் என்று ஒப்பந்தத்துக்கு முன் யாரும் அவர்களைக் கேட்கவில்லை. அங்கேயே தங்கியவர்களில் எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது.

அங்கே 'இந்தியன்' என்று அனுப்பப்பட்டவர்களில் பலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். இங்கே அவர்களுக்கு 'சிலோன்காரன்' என்று பெயர்.

பாதுகாப்பு வேறு, சமத்துவம் வேறு. உழைப்பை மட்டும் அங்கீகரித்து உழைக்கிறவனை விருந்தாளியாகவே வைத்திருக்கும் பாதுகாப்பை எந்த நாளும் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். மலையகத்துக்காக வருந்துகிற நாம், பனியன் கம்பெனியிலும் கட்டட வேலையிலும் பக்கத்தில் நிற்கிற பீகார்க்காரரை 'வடக்கன்' என்று கூப்பிடும்போது எந்த அடைப்புக்குறியை எழுதிக்கொண்டிருக்கிறோம்?