செவியே கண்ணான வேளை

விமானியும் நிலத்திலிருந்து அவருக்கு வழிகாட்டும் கட்டுப்பாட்டு அலுவலரும் ஒருவர் முகத்தை ஒருவர் காண்பதில்லை. அவர்களைப் பெரும்பாலும் இணைப்பது வானொலிக் குரலே. அக்குரலில் ஒரு சொல் இருபொருள் பட்டால் நேர்வது யாது என்பதற்கு 1977 ஆம் ஆண்டு மார்ச் 27 ஆம் நாள் சான்று பகர்கின்றது.

ஸ்பெயினுக்குரிய கனேரித் தீவுகளில், லாஸ் பால்மாஸ் விமான நிலையத்தில் அன்று குண்டொன்று வெடித்தது. அங்கு இறங்கவிருந்த விமானங்கள் அயலிலுள்ள தெனெரீபே தீவின் சிறிய நிலையத்துக்குத் திருப்பப்பட்டன. தரிப்பிடம் நிறைந்தமையால், விமானங்கள் ஓடுபாதை வழியாகவே அதன் முனைக்குச் செல்ல நேர்ந்தது. அவ்வேளை மூடுபனி கவிந்தது. கோபுரத்திலிருந்தோருக்கு விமானங்கள் புலப்படவில்லை. தரையிலுள்ள விமானங்களைக் காட்டும் ராடாரும் அங்கில்லை. செவியே கண்ணாயிற்று.

ஒல்லாந்து நாட்டின் கே.எல்.எம். நிறுவனத்து போயிங் 747 ஓடுபாதையின் முனையை அடைந்து, புறப்படுவதற்காகத் திரும்பி நின்றது. அதன் பின்னே ஊர்ந்து வந்த பான் அமெரிக்கன் நிறுவனத்து போயிங் 747 இன்னும் பாதையைவிட்டு விலகவில்லை.

எழுந்தபின் செல்லவேண்டிய வழியைக் கோபுரத்தார் ஒல்லாந்து விமானத்துக்கு அறிவித்தார். விமானம் எழுதலைக் குறிக்கும் 'டேக் ஓஃப்' என்னும் ஆங்கிலச் சொல் அதில் இடம்பெற்றது. எனினும் அது வழிக்கான அனுமதியேயன்றி, எழுவதற்கான அனுமதியன்று. துணை விமானி அதனைத் திருப்பிக் கூறி, தாம் இப்போது 'டேக் ஓஃப்பில்' இருப்பதாகச் சொல்லி முடித்தார். எழுவதற்கு ஆயத்தமாய் நிற்கின்றனர் எனக் கோபுரத்தார் பொருள்கொண்டார். விமானமோ முன்னரே ஓடத் தொடங்கியிருந்தது.

கோபுரத்தார் 'ஓகே' என்றார்; சற்றுத் தாமதித்து, தாம் அழைக்கும்வரை காத்திருக்குமாறு கூறினார். அதே கணத்தில் அமெரிக்க விமானியும், தாம் இன்னும் ஓடுபாதையிலே செல்வதாக அறிவித்தார். ஓர் அலைவரிசையில் இரு குரல்கள் மோதின. ஒல்லாந்து விமானத்தில் 'ஓகே' தெளிவாகக் கேட்டது. எஞ்சியவை கீச்சொலியில் அமிழ்ந்தன.

அமெரிக்க விமானம் விலகவில்லையோ என்று விமானப் பொறியாளர் ஐயுற்று வினவினார். விலகிவிட்டது என்றே தலைமை விமானி உறுதியாக விடையளித்தார். சில வினாடிகளில் இரு விமானங்களும் மோதின. 583 பேர் மாண்டனர்.

அதன்பின் வான்வழிப் பேச்சு முறை திருத்தப்பட்டது. எழுவதற்கு அனுமதி அளிக்கும்போதும் அதனை நீக்கும்போதுமன்றி 'டேக் ஓஃப்' என்னும் சொல் வழங்கலாகாது; ஏனைய இடங்களில் 'புறப்பாடு' எனப் பொருள்படும் வேறு சொல்லே வழங்கவேண்டும். 'ஓகே' என்ற மறுமொழி மட்டும் போதாது. பெற்ற அனுமதியின் முக்கிய பகுதிகளைத் திருப்பிச் சொல்லவேண்டும். தலைவர் எத்துணை அனுபவசாலியாயினும், ஐயம் தீரும்வரை அதனை வற்புறுத்திக் கேட்கவும் விமானக் குழுவினர் பயிற்றப்படலாயினர்.

அன்று பேசியவருள் எவரும் பொய்யுரைத்தாரல்லர். தாம் சொன்னதை மற்றவர் எவ்வாறு விளங்கிக்கொண்டார் என்பதை உறுதிசெய்யாமல் விட்டதே பெருங்கேடாய் முடிந்தது.