கொற்கை, காயல், கரிசல்

கடல் கைவிட்ட பட்டினங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால், ஐரோப்பிய சரித்திரம் கற்றவர்கள் முதலில் எடுப்பது பிளாண்டர்ஸ் தேசத்துப் புரூஜ் நகரத்தைத்தான். 1134ஆம் ஆண்டின் பெரும் புயலில் கடல் கரையை உடைத்துக்கொண்டு உட்புகுந்ததால் உண்டான ஸ்வின் என்னும் நீர்வழியின் பயனாய் வளர்ந்து, இங்கிலாந்தின் ஆட்டுரோமமும், வெனிஸ், ஜெனோவா வர்த்தகர் கொண்டுவந்த வாசனைத் திரவியங்களும், உள்நாட்டு நெசவாளர் நெய்த கம்பளித் துணியும் ஒரே சந்தையில் கைமாறும் மகாபட்டினமாய் விளங்கி, அந்த நீர்வழி மண்மேடிட்டதாலும் அரசியல் கலகங்களாலும் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் தன் வாணிபத்தை ஆண்ட்வெர்ப்பிடம் இழந்து ஓய்ந்துபோன ஊர் அது. கோவில்பட்டியில் இருப்பவர்கள் இப்படிப்பட்ட கதைக்காக அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. தெற்கே, தாமிரவருணி கடலோடு கலக்கும் சமவெளியில், கொற்கையும் காயலும் ஒன்றன்பின் ஒன்றாக அதே விதிக்கு ஆட்பட்டுக் கிடக்கின்றன.

இவற்றுள் மூத்தது கொற்கை. கிறிஸ்து சகாப்தத்தின் முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவன் எழுதிவைத்த செங்கடற் பயணக் குறிப்பு அதைக் கொல்கி என்று அழைத்து, அங்கே முத்துக்குளிப்பவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்றும் சொல்கிறது. முத்தின் ஒளியைப் பாடிய புலவர்கள் பலர். அதை எடுக்கக் கடலில் மூழ்கியவனின் நிலையைப் பற்றி அந்த அந்நியன் எழுதிய ஒரு வரி, என் மனத்தில் அத்தனை வருணனைகளுக்கும் மேலாக நிற்கிறது. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1968–69இல் அங்கே நடத்திய அகழ்வில் கிடைத்த கரியைச் சோதித்தபோது, அதன் காலம் கி.மு. எட்டாம் நூற்றாண்டையொட்டி அமைந்தது. ஆற்று வண்டல் ஆண்டுதோறும் கரையை முன்தள்ள, கடல் பின்வாங்கி, இன்று அது கடற்கரையிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே, வாழைத் தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் நடுவே, ஒரு குளத்தையும் ஒரு முதிய வன்னிமரத்தையும் சில கோயில்களையும் வைத்துக்கொண்டு இருக்கும் சிற்றூர். அந்தக் கோயில்களில் ஒன்றின் தெய்வத்துக்கு வெற்றிவேல் அம்மன் என்று பெயர்.

இந்தப் பெயர்தான் சரித்திரமும் காவியமும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொள்ளும் இடம். மதுரையில் நெடுஞ்செழியன் உயிர்விட்டபின், பாண்டிநாடு மழையின்றி வறண்டு நோயும் பஞ்சமும் பெருகியபோது, கொற்கையிலிருந்து ஆண்ட வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைக் கண்ணகிக்குப் பலியிட்டதாகவும், அதன்பின் மழை பெய்ததாகவும் சிலப்பதிகாரம் கூறுகிறது. ஒரு பொற்கொல்லன் செய்த பாவத்துக்கு ஆயிரம் பேர் தலைகொடுத்த இந்தச் செய்தியைக் காவிய நயம் பேசுவோர் விரைந்து கடந்துவிடுவதைக் கண்டிருக்கிறேன். மானாவாரி நிலத்தில் மழைக்காக வானத்தைப் பார்த்துப் பழகிய எங்கள் பக்கத்து மனிதனுக்கு அதன் கொடுமையும் புரியும், அதன் பின்னிருக்கும் பீதியும் புரியும்.

கொற்கையிலிருந்து கடல் விலகியபின் எழுந்தது காயல். இப்போது பழையகாயல் என்று வழங்கும் அவ்வூரே மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்டெழுதிய துறைமுகம் என்று வாதித்து நிறுவியவர் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் பாதிரியார். 1881இல் வெளிவந்த தம்முடைய திருநெல்வேலிச் சரித்திரத்தில், அந்தப் பொட்டல் மணலில் சீனக் களிமண் பாண்டங்களின் உடைந்த சில்லுகள் சிதறிக் கிடந்ததைச் சான்றாகக் காட்டுகிறார். மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆண்ட அக்காலத்தில் ஹோர்முஸ், கிஷ், ஏடன் ஆகிய இடங்களிலிருந்து வந்த மரக்கலங்கள் எல்லாம் காயலில் நங்கூரமிட்டன. அவை கொண்டுவந்த சரக்குகளில் தலையாயது குதிரை. பாரசீகத்துச் சரித்திராசிரியர் வஸ்ஸாஃப் கூறுவதன்படி, குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார் விலை; கிஷ் தீவின் அதிபதி ஜமாலுத்தீன் தம் சொந்தப் பந்தியிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப உடன்படிக்கை செய்திருந்தார்; வழியில் கடலில் மடிந்த குதிரைக்கும் பாண்டியனின் பொக்கிஷமே விலை கொடுக்கவேண்டும். அந்த ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் பாண்டியனிடமே மந்திரியாய் இருந்து, காயல் முதலான துறைகளைத் தம் ஆதீனத்தில் வைத்திருந்தார் என்பதையும் சேர்த்துப் படித்தால், உடன்படிக்கையின் சாமர்த்தியம் விளங்கும். வந்த குதிரைகளோ நெடுநாள் பிழைக்கவில்லை. வெந்த இறைச்சியையும் சோற்றையும் அவற்றுக்குத் தீனியாகப் போட்டார்கள் என்றும், லாடம் கட்டத் தெரிந்தவன் எவனும் அந்நாட்டுக்குப் போகாதபடி வர்த்தகர்களே தடுத்தார்கள் என்றும் மார்க்கோ போலோ எழுதுகிறார். இதில் மிகை எவ்வளவாயினும், கடலின் முத்தை விற்றுப் பெற்ற பொன், ஒரு வருஷத்துக்குள் செத்துவிழும் குதிரையாக மாறிய ஒரு வியாபாரத்தில், பின்னாலிருந்த நிலத்துக்குப் பங்கு சொற்பம் என்பது தெளிவு.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். காயலும் வண்டலில் புதைய, போர்த்துகீசியர் ஆற்றின் புதிய முகத்துவாரமான புன்னைக்காயலில் காலூன்றினர். அங்கேதான் அண்டிரிக் அடிகளாரின் ‘அடியார் வரலாறு’ 1586இல் தமிழில் அச்சேறியது. வாணிபம் மெல்ல வடக்கே தூத்துக்குடிக்கு நகர்ந்தது. 1658இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். பின்பு ஆங்கிலேயர் வந்தனர்.

தூத்துக்குடியின் காலத்தில்தான் கரிசல் மேடைக்கு வருகிறது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர் வட்டாரங்களின் கரிசலில், வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தை மண் பிடித்துவைத்திருக்க, அதை மட்டும் நம்பி விளைந்த பருத்தி, பொதிகளாய்ப் பாரவண்டிகளில் ஏறித் துறைமுகம் போயிற்று. 1876இல் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியபின் கோவில்பட்டி அவ்வழியின் பருத்திப் பேட்டையாயிற்று. 1901இல் அங்கே விவசாய ஆராய்ச்சிப் பண்ணையும் ஏற்பட்டது. தூத்துக்குடியைப் புரூஜுக்கு ஒப்பிட நினைப்பவர்கள் இங்கே சற்று நிதானிக்கவேண்டும். புரூஜும் அதன் அண்டையிலிருந்த கெண்ட் நகரமும் பிறநாட்டு ரோமத்தை வாங்கித் துணியாக்கி உயர்ந்தவை. அதை அனுப்பியது இங்கிலாந்து. 1336இல் மூன்றாம் எட்வர்ட் மன்னன் ரோம ஏற்றுமதியை நிறுத்தியபோது பிளாண்டர்ஸின் தறிகள் ஓய்ந்தன, நெசவாளர் பட்டினி கிடந்தனர், கெண்டில் கலகமே மூண்டது. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டு லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு வராமற்போனபோது, எங்கள் பருத்திக்குத் திடீரென்று விலை ஏறியது. எனவே அந்த ஐரோப்பியக் கதையில் கரிசலுக்கு ஒப்பு, இடைக்கால இங்கிலாந்தின் ஆட்டுமந்தை மேய்ந்த குன்றுகளே. ஒரு வித்தியாசம்: இங்கிலாந்தின் அரசன் நினைத்தால் ரோமத்தை நிறுத்தமுடிந்தது, கரிசல் சம்சாரிக்கு விலை ஏறுவதும் இறங்குவதும் மழையைப் போலவே வெளியிலிருந்து வந்தன.

புரூஜுக்குப் புத்துயிர் தந்ததில் இலக்கியத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ழோர்ழ் ரோதன்பாக் 1892இல் எழுதிய நாவல் ஒன்று அதை ‘இறந்த புரூஜ்’ என்றே உலகுக்கு அறிவித்தது; வறுமையினால் இடிக்கப்படாமல் தப்பிய பழைய வீடுகளையும் கால்வாய்களையும் காண ஜனங்கள் திரண்டனர். கொற்கைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, காட்டுவதற்கு அந்தச் சில கோயில்களைத் தவிரக் கட்டடம் ஏதும் மிஞ்சாததால். ஆனால் ஜோ டி குருஸ் 2009இல் எழுதி, 2013இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற ‘கொற்கை’ நாவல், 20ஆம் நூற்றாண்டுத் தூத்துக்குடியின் பரதவரையும் தோணிகளையும் பற்றியது. செத்த பட்டினத்தின் பெயரை உயிருள்ள பட்டினம் தரித்துக்கொள்ள, ஆயிரம் வருஷ இடைவெளி ஒரு தலைப்பில் மறைந்துவிடுகிறது. கரிசலோ இடைசெவலின் கி. ராஜநாராயணன் கையில் ‘கோபல்ல கிராமம்’ என்று 1976இல் நூலாயிற்று. கடலைச் சொன்னவர் கரையில் நின்றார், மண்ணைச் சொன்னவர் மண்ணில் நின்றார். இரண்டுக்கும் இடையே பஞ்சுப்பொதி ஏற்றிய வண்டிகள் இரவெல்லாம் போன பாதைக்கு ஒரு பெரிய நாவலை நான் இன்னும் வாசிக்கவில்லை.

அந்தப் பாதையை வாழ்க்கையில் நடந்து காட்டியவர் ஒருவர் இருக்கிறார். கரிசற்காட்டு ஓட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை, 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவி, காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களை 1907இல் கொண்டுவந்தார். அதே 1907இல்தான் புரூஜ் நகரத்தார், தூர்ந்துபோன ஸ்வினுக்கு மாற்றாகப் புதுக்கால்வாய் வெட்டிக் கடலோரத்தில் கட்டிய ஸேப்ரூக் துறைமுகத்தைத் தங்கள் மன்னன் முன்னிலையில் திறந்துவைத்தனர். அவர்களுக்குப் பின்னால் ஓர் அரசாங்கம் இருந்தது. சிதம்பரம் பிள்ளைக்கு எதிரே இருந்ததும் ஓர் அரசாங்கமே. 1908இல் அவர் சிறை சென்றார், சில வருஷங்களில் கம்பெனி கலைக்கப்பட்டது. ஆழ்கடல் கப்பல்கள் கரையை அணையும் துறைமுகம் தூத்துக்குடிக்கு 1974இல்தான் வாய்த்தது.