மெஹ்பூப் (1926–1981)

ஃபோர்ட் கொச்சியில் பிறந்த பாடகர். கொச்சிக்காரர்களுக்கு 'மெஹ்பூப் பாய்'. ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி, பள்ளுருத்தி அடங்கிய மேற்குக் கொச்சியின் மெஹ்ஃபில் (ரசிகர்கள் கூடிக் கேட்கும் இசையமர்வு) மரபில் முதலில் சொல்லப்படும் பெயர் இவருடையது. தக்னி முஸ்லிம் குடும்பத்தவர். 'ஜீவிதநௌக' (1951) என்ற மலையாளப் படம் வழியே திரைக்கு வந்தார். 'நீலக்குயில்' (1954) படத்தில் கே. ராகவன் இசையிலும் பாடினார். ஆனால் ஸ்டூடியோவைத் தேடிப் போனவர் அல்லர். கல்யாண வீட்டில் ஹார்மோனியமும் தபலாவும் வைத்து, பாய் விரித்து உட்கார்ந்து, கேட்பவர் கேட்டதைப் பாடுவதே இவருக்கு உகந்தது.

அமெரிக்க நாட்டுப்புற மெட்டில் பாடிய ஜானி கேஷுக்கு 1968இல் ஃபோல்சம் சிறைக் கச்சேரி இசைத்தட்டாகவே வாய்த்தது. கைதிகளின் கூச்சலும் அதில் சேர்ந்தே பதிவானது. மெஹ்பூபின் பாட்டோ அப்படிப் பதிவாகாமல், பெரும்பாலும் ரசிகர்களின் தொண்டை வழியாகவே நிலைத்தது. சினிமாப் பாட்டுகளை மட்டும் கேட்டு இவரை எடைபோடுவது சரியாகாது.

மேப்பள்ளி பாலன் எழுதி இவர் மேடைகளில் பாடிய, கொச்சிக் காயலோரக் கம்பெனிகளைப் பற்றிய பாட்டு, அப்படி நிலைத்ததற்கு ஓர் உதாரணம். ராஜீவ் ரவியின் 'அன்னயும் ரசூலும்' (2013) படத்தில் ஷஹபாஸ் அமன் அதைப் பாடினார்; படத்துக்கு இசை, 'யுத்தம் செய்' படத்துக்கு இசையமைத்த 'கே' என்பவர். மெஹ்பூப் மறைந்தபின் பிறந்த தலைமுறைக்கு அந்தப் பாட்டு அப்படித்தான் அறிமுகம். மட்டாஞ்சேரியின் கஜல் பாடகர் உம்பாயியும் (மறைவு 2018) இந்த வழி வந்தவரே.