ஆபத்து அந்தரத்துக்கு

யாழ்ப்பாணத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்குத் தலைப்பை விளங்கப்படுத்தத் தேவையில்லை. வெறும் போத்தல், பாதி எரிந்த மெழுகுதிரி, அறுந்த கயிறு என்று எதை எறியப் போனாலும் அடுப்படிக்குள் இருந்து ஒரு குரல் வரும். "எறியாதை, வையடா. ஆபத்து அந்தரத்துக்கு உதவும்." அந்தக் குரல் சில வீடுகளில் அம்மாவுடையது, சில வீடுகளில் ஆச்சியுடையது. வசனம் மட்டும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

நான் இப்போது சார்ஜாவில், முவைலாப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறேன். என்னோடு அறையில் இருக்கிற திருநெல்வேலித் தம்பி ஒருநாள் என் கட்டிலுக்குக் கீழே இருக்கிற பெட்டியைப் பார்த்துவிட்டான். ஏழு சவர்க்காரம், இரண்டு ரோச் லைற், உறை பிரிக்காத பற்றறி, மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி, ஊசி நூல், பனடோல். "அண்ணே, கீழ இறங்குனா சூப்பர் மார்க்கெட். ராத்திரி ரெண்டு மணிக்கும் தொறந்து வச்சிருக்கான். ஒங்களுக்கு எதுக்கு ஏழு சோப்பு?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. சிரித்துச் சமாளித்துவிட்டேன். அவனுக்குச் சொல்ல வேண்டிய பதில் கொஞ்சம் நீளமானது, முப்பத்தைந்து வருட வரலாறும் அதற்குள் கிடக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மாரிக்குச் சேர்த்தது

போருக்கு முந்தியே எங்கட சனம் சேர்த்து வைக்கிற சனம்தான். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. அந்த மழையை நம்பித்தான் நெல். வெட்டு முடிந்ததும் நெல்லு மூடைகள் கோர்க்காலியில் ஏறும். கோர்க்காலி என்றால் நிலத்து ஈரமும் கறையானும் தொடாமல் மூடை அடுக்குவதற்கு மரத்தால் அடித்த உயரமான தட்டு. இப்போதைய பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லே தெரியாது. பனையில் இருந்து ஒடியல், புழுக்கொடியல். பனம்பழக் களியைப் பாயில் ஊற்றி வெயிலில் காயவைத்து எடுத்த பனாட்டு. இவற்றோடு மோர்மிளகாய், வத்தல், ஊறுகாய், கருவாடு. எல்லாம் மாரிக்கு.

அந்தச் சேமிப்பில் பயம் இருக்கவில்லை, கணக்கு இருந்தது. மழை வரும், விடும், அடுத்த வெட்டு வரும். அதுவரைக்கும் எத்தனை கொத்து அரிசி, எத்தனை சுண்டு பயறு என்று ஆச்சிமாருக்கு விரல் நுனியில் தெரியும். சவர்க்காரத்தையும் பற்றறியையும் அப்போது யாரும் சேர்த்து வைக்கவில்லை. அதற்குத்தானே சந்தியில் கடை இருக்கிறது?

தடைப்பட்டியல்

1990 யூனில் இரண்டாம் கட்ட ஈழப்போர் தொடங்கியது. எனக்கு அப்போது பத்து வயது. மின்சாரம் நின்றது. அதோடு பொருளாதாரத் தடை வந்தது. புலிகளுக்குப் பயன்படக்கூடிய எதுவும் வடக்குக்குப் போகக்கூடாது என்பது அரசாங்கம் சொன்ன காரணம். பெற்றோல், டீசல், சீமெந்து, இரும்பு, இரசாயன உரம், பற்றறி என்று தொடங்கிய பட்டியல் மெழுகுதிரி, சவர்க்காரம் வரைக்கும் நீண்டது. மண்ணெண்ணெய் அளந்து வந்தது, விலை பல மடங்கு ஏறியது. மருந்தும் போதாமல்தான் வந்தது.

ரோச் லைற்றுக்குள் போடுகிற பற்றறி குண்டுக்கும் உதவும் என்று வாதாடலாம். அந்த வாதத்தை முழுக்கப் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பட்டியல் போட்டவர்கள் அதே பற்றறி ஒரு கிழவி இரவில் கிணற்றடிக்குப் போகவும் வேணும் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு வீட்டுச் சாமான் அன்றைக்கு யுத்தப் பொருளாக மாறியது. வவுனியாவில் சாமான் வாங்கிக்கொண்டு தாண்டிக்குளம் சோதனைச் சாவடிக்கு வருகிற மனிதனுடைய பையில் மேலதிகமாக நாலு பற்றறி இருந்தால் அவன் சந்தேகத்துக்குரியவன். "ஏன் இது உனக்கு?" என்ற கேள்விக்குச் சரியான பதில் என்று ஒன்று இல்லை.

பாதையும் லேசானதல்ல. ஆனையிறவும் பூநகரியும் அடைபட்ட பிறகு சனம் கிளாலிக் கடல் நீரேரியை இரவில் வள்ளத்தில் கடந்தது. 1993 ஜனவரி 2 ஆம் திகதி இரவு அந்தக் கடலில் பொதுமக்கள் சுட்டும் வெட்டியும் கொல்லப்பட்டார்கள். அந்தப் பாதையால்தான் சாமானும் வந்தது. ஒரு சவர்க்காரக் கட்டியின் விலைக்குள் இதுவும் இருந்தது.

அந்த ஐந்து வருடம் சனம் கண்டுபிடித்த வித்தைகளை நீங்கள் பலர் நேரில் கண்டிருப்பீர்கள். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, நடுவில் கம்பியால் திரியை நிறுத்தினால் விளக்கு. போத்தலே சிமினி. அந்த வெளிச்சத்தில்தான் ஒரு தலைமுறை சோதனைக்குப் படித்தது. மோட்டார்சைக்கிளை இரண்டு சொட்டுப் பெற்றோலில் உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். உடுப்புக்குப் பனம்பழம். செத்த பற்றறியை வெயிலில் வைத்து எடுத்தால் இன்னும் இரண்டு நாள் வரும். அதுவும் முடிந்தால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்போம். பி.பி.சி. தமிழோசை முடியும் வரைக்கும் நானும் தம்பியும் மாறி மாறிச் சுற்றுவோம். கை ஓய்ந்தால் செய்தி அமுங்கும். "உதயன்" பேப்பர் கிடைத்த தாளில், கோடு போட்ட கொப்பித் தாளில்கூட வந்தது.

இதையெல்லாம் வீரமாகச் சொல்வது எங்கள் வழக்கம். எனக்கும் பெருமைதான். ஆனால் என் அம்மாவுக்கு அது வீரம் இல்லை, களைப்பு. ஒரு நெருப்புக்குச்சியைப் பிளேட்டால் இரண்டாகப் பிளந்து வைத்த மனுசி அவா. பிறகு சாமான் வந்த காலத்திலும் அந்தக் கை பழக்கத்தை விடவில்லை. ஆச்சி காலத்துக் கணக்கு எங்கள் வீட்டில் பயமாக மாறியது அந்த வருடங்களில்தான். மழைக்கு முடிவு உண்டு என்று தெரிந்து சேர்க்கலாம். தடைக்கு முடிவு எப்போது என்று யாருக்குத் தெரியும்? எவ்வளவு சேர்த்தாலும் போதாது போலத்தான் இருக்கும்.

சேர்த்தவர்கள் எல்லாரும் ஒன்றல்ல

ஒரு பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் இது வரலாறு ஆகாது. தடை இருந்த ஊரில் பதுக்கலும் இருந்தது. சில முதலாளிமார் மண்ணெண்ணெயை ஒளித்து வைத்து விலை ஏறவிட்டு விற்றார்கள். வந்த சாமானுக்கு இயக்கமும் வரி எடுத்தது. ஆபத்து அந்தரத்துக்கு இரண்டு சவர்க்காரம் வைத்திருக்கிறவனையும், அடுத்தவனுடைய அந்தரத்தைப் பார்த்துக்கொண்டு இருநூறு சவர்க்காரத்தைப் பூட்டி வைத்திருக்கிறவனையும் ஒரே தராசில் போட முடியாது.

அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. 1990 ஒக்ரோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைச் சில மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னது இயக்கம். சோனகதெருவில் தலைமுறை தலைமுறையாக இருந்த சனம் கையில் கொஞ்சக் காசோடு போனது. அவர்களுடைய வீடுகளிலும் பெட்டிகள் இருந்தன. நகை, சேலை, கடைச் சாமான், மகளின் கலியாணத்துக்கு என்று எடுத்து வைத்தது, எல்லாம் விட்டுவிட்டுத்தான் போனார்கள். வடமாகாணம் முழுக்க எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். எங்களுக்குச் சவர்க்காரம் வராமல் தடுத்ததைப் பற்றி வருடா வருடம் எழுதுகிறோம். அந்தப் பெட்டிகளைப் பற்றியும் எழுத வேணும்.

சரியாக ஐந்து வருடம் கழித்து, அதே ஒக்ரோபர் 30 ஆம் திகதி, 1995. வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் எழும்பியது. பல இலட்சம் பேர், மழை, இருட்டு, செம்மணி வெளியும் நாவற்குழிப் பாலமும். எனக்குப் பதினைந்து வயது. ஐந்து வருடமாக அம்மா சேர்த்த அத்தனையும் அறைக்குள் கிடக்க, ஒரு உரப்பை அரிசி, இரண்டு மாற்றுடுப்பு, ஒரு ஜாம் போத்தல் விளக்கு என்று தூக்கிக்கொண்டு நடந்தோம். சேர்த்து வைக்கிறதன் எல்லை எங்கே என்று அன்றைக்குத் தெரிந்தது. தோளில் தூக்கக்கூடிய அளவுதான்.

எங்களைக் காப்பாற்றியது இன்னொருவருடைய சேமிப்பு. தென்மராட்சியில் எங்களுக்கு முன்பின் தெரியாத ஒரு வீட்டு விறாந்தையில் ஏழு குடும்பம் இருந்தோம். அந்த வீட்டு ஆச்சி கோர்க்காலியில் இருந்து ஒரு மூடை நெல்லை இறக்கச் சொன்னா. "இது உங்களுக்கெண்டு தெரியாமல்தான் வைச்சனான்" என்றா. அந்த வசனத்தை நான் மறக்கவில்லை.

பாதை திறந்து, பாதை பூட்டி

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம். ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. லொறி லொறியாகச் சாமான் வந்தது. நாலு வருடத்தில் சனம் கோர்க்காலியை விறகாக்கிவிட்டுக் குளிர்சாதனப் பெட்டி வாங்கியது. 2006 ஓகஸ்ற் 11 ஆம் திகதி பாதை மறுபடி பூட்டியது. நான் அப்போது யாழ். பல்கலைக்கழகத்தில். விடிய நாலு மணிக்குச் சங்கக்கடை வாசலில் பங்கீட்டு அட்டையோடு வரிசை. இரவில் ஊரடங்கு, காலையில் சந்தியில் சடலம். என் படிப்பு அந்த அந்தரத்துக்குள் பட்டம் இல்லாமலே முடிந்தது. கப்பலில் திருகோணமலை வந்து, கொழும்பு வந்து, பிறகு இங்கே. 2009 இல் முள்ளிவாய்க்காலில் இருந்தவர்களுக்குக் கடைசியில் மிஞ்சியது அரிசிக் கஞ்சி. ஒவ்வொரு மே 18 இலும் அந்தக் கஞ்சியைக் காய்ச்சிக் கொடுக்கிறோம். ஒன்றும் மிஞ்சாத நாளை நினைவு வைப்பதற்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பணக்கார ஊரிலும் இதே கதை

வளைகுடாவில் எப்போதும் எல்லாம் கிடைக்கும் என்று நினைக்கிறவர்களுக்கு 2017 யூன் 5 ஆம் திகதியை ஞாபகப்படுத்துகிறேன். சவூதி, எமிரேட்ஸ், பஹ்ரைன், எகிப்து நான்கும் கட்டாருடன் உறவை முறித்தன. கட்டாருக்கு இருந்த ஒரே தரைப் பாதை பூட்டப்பட்டது. தோஹாவில் சனம் கடைகளுக்கு ஓடிப் பால், அரிசி என்று அள்ளியது. பிறகு துருக்கியில் இருந்தும் ஈரானில் இருந்தும் உணவு வந்தது. பாலுக்காக மாடுகளையே விமானத்தில் இறக்கினார்கள். 2021 ஜனவரியில் அது தீர்ந்தது. அவர்களிடம் விமானம் இருந்தது, எங்களிடம் பனை இருந்தது. ஆனால் அந்த முதல் நாள் கடைக்கு ஓடிய ஓட்டம் ஒன்றுதான்.

எமிரேட்ஸும் உணவின் பெரும்பகுதியை வெளியில் இருந்து வாங்குகிற நாடு. 2020 இல், கொரோனாக் காலத்தில், உணவுப் பொருட்களைக் கையிருப்பில் வைப்பதற்கென்றே ஒரு கூட்டாட்சிச் சட்டம் கொண்டுவந்தார்கள். ஒரு அரசாங்கம் செய்தால் அதற்குப் பெயர் முன்யோசனை. கட்டிலுக்குக் கீழே நான் செய்தால் வியாதியா?

2021 இல் இலங்கை முழுவதற்கும் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. 2022 இல் டொலர் இல்லை. பெற்றோல், எரிவாயு, பால்மா ஒன்றும் இல்லை. ஒருநாளில் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு. கொழும்பில் சனம் மெழுகுதிரி தேடியது. "இப்ப விளங்குதோ?" என்று எங்கட ஆட்கள் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எரிவாயுச் சிலிண்டரோடு வரிசையில் நின்ற சிங்களத் தாயின் முகத்தில் நான் சங்கக்கடை வாசலைத்தான் கண்டேன்.

2024 ஏப்ரல் 16 ஆம் திகதி இங்கே பெய்த மழை 1949 இல் பதிவு தொடங்கிய பிறகு பெய்ததிலேயே பெரியது. அல் ஐன் பக்கம் ஒரு இடத்தில் ஒரு நாளுக்குள் 254.8 மில்லிமீற்றர். சார்ஜாவின் தெருக்களில் நாட்கணக்கில் வெள்ளம் நின்றது. எங்கள் கட்டடத்தில் லிப்ட் நின்று, மின்சாரமும் போனது. இரவு இரண்டு மணிக்கும் திறந்திருக்கிற அந்தக் கடைக்குள் தண்ணீர். தம்பி என்னுடைய ரோச் லைற் இரண்டையும் எடுத்துக்கொண்டு மாடி மாடியாக ஓடினான். மேல்மாடிப் பாகிஸ்தான்காரர்கள் குடிதண்ணீர்க் கான் இரண்டை எங்களுக்கு இறக்கினார்கள். எங்களிடம் வெளிச்சம் மேலதிகம், அவர்களிடம் தண்ணீர் மேலதிகம். இரண்டும் படிக்கட்டில் ஏறி இறங்கிய பிறகுதான் இரண்டு வீட்டுக்கும் ஆறுதல்.

வைத்திருக்கிறது உரிமை

ஐக்கிய நாடுகளின் 1951 அகதிகள் சமவாயத்தில் எமிரேட்ஸ் சேரவில்லை. ஆகவே இங்கே நான் அகதி இல்லை, விசாக்காரன். வேலை போனால் விசா போகும். அதற்கு மட்டும் மேலதிகம் வைக்க ஏலாது. வைக்கக்கூடியதை வைத்திருக்கிறேன்.

லண்டனிலும் ரொறொன்ரோவிலும் நிலவறை முழுக்க அரிசியும் எண்ணெயும் அடுக்கி வைத்திருக்கிற பெற்றோரைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பதாகக் கேள்விப்படுகிறேன். சிரிக்கட்டும். ஆனால் மேலே சொன்ன திகதிகளையும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். பெற்றோரும் ஒன்றைப் பார்க்க வேணும். உளுத்துப் போகிற வரைக்கும் அடுக்கி வைக்கிறது சேமிப்பு ஆகாது. எங்கள் கடைக் களஞ்சியத்தில் முதல் வந்த மூடை முதல் வெளியே போக வேணும் என்பது சட்டம். வீட்டிலும் அப்படித்தான். பழையதைப் பாவியுங்கள், அல்லது தேவைப்பட்டவருக்குக் கொடுங்கள், புதியதை வையுங்கள்.

நாலு பற்றறியோ இரண்டு சவர்க்காரமோ ஒரு மனிதனுடைய பையில் இருந்தால், "ஏன் இது உனக்கு?" என்று எந்த ஆமியும், எந்த இயக்கமும், எந்த அரசாங்கமும் கேட்காத இடத்தில் வாழ்வது பெரிய விசயம். எனக்கு அது நாற்பது வயதை நெருங்கும்போதுதான் விளங்கியது. ஏழு சவர்க்காரத்தையும் நான் ஒளித்து வைக்கவில்லை. பெட்டிக்குப் பூட்டும் இல்லை.

உங்கள் வீட்டு லாச்சியில் ஆபத்து அந்தரத்துக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?