ஒரு டிரைவர் தடுமாறினால் கணினியே ஏன் படுத்துவிடுகிறது?

2024 ஜூலை 19, மலேசிய நேரப்படி நண்பகல் 12.09. கிரவுட்ஸ்டிரைக் எனும் இணையப் பாதுகாப்பு நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் கணினிகளுக்கு ஒரு சிறிய கோப்பை அனுப்பியது. 78 நிமிடத்தில் அதைத் திரும்பப் பெற்றும்விட்டது. அதற்குள் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றுபோயின. நம் நாட்டில் ஏர் ஆசியா ஊழியர்கள் பயணிகளைக் கைமுறையாக செக்-இன் செய்தனர். வரிசை நீண்டுகொண்டே போனது.

ஒரு சின்ன கோப்பு எப்படி இவ்வளவு பெரிய கணினியைக் கவிழ்க்கும்?

டிரைவர்னா என்ன?

பிரிண்டர், வைஃபை, கேமரா என ஒவ்வொரு வன்பொருளுக்கும் தனி மொழி உண்டு. அதற்கும் இயங்குதளத்துக்கும் நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர்தான் டிரைவர். பெரும்பாலான டிரைவர்கள் கெர்னல் எனும் மையப் பகுதிக்குள் ஓடுகின்றன. உங்கள் கைப்பேசியில் ஒரு செயலி கோளாறானால் அது மட்டும் மூடிக்கொள்ளும். கெர்னலுக்குள் கோளாறானால் மொத்த கணினியும் போச்சு.

எட்ஜ் கேஸ் எது?

வழக்கமாக நடக்காதது, ஆனால் நடக்கக்கூடியது. கோப்பு நகலாகும்போதே பென்டிரைவைப் பிடுங்குவது அப்படி ஒன்று.

கிரவுட்ஸ்டிரைக் மென்பொருள் எந்த வன்பொருளையும் இயக்கவில்லை. ஆனாலும் டிரைவராகவே கெர்னலுக்குள் ஓடியது. அதன் விதி ஒன்று 21 தகவல்களை எதிர்பார்த்தது. நிரல் கொடுத்ததோ 20. முந்தைய சோதனைகளில் 21-ஆவது இடத்தில் ‘எதுவானாலும் சரி’ என்றே இருந்ததால், யாருக்கும் அது தெரியவில்லை. அன்று வந்த கோப்பு முதன்முறையாக அந்த 21-ஐப் பார்க்கச் சொன்னது. இல்லாத இடத்தைப் படிக்கப் போய், கணினி விழுந்தது. பல கணினிகளை ஒவ்வொன்றாகத் திறந்து அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது.

பினாங்குக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை 1972-இல் திறந்தது பாயான் லெப்பாஸில்தான். சிப்பைச் சேர்த்துச் சோதிப்பதில் தொடங்கிய அந்த வட்டாரத்தில் இன்று வடிவமைப்பு வேலையும் நடக்கிறது. சிப் எவ்வளவு நன்றாக இருந்தாலும், மென்பொருள் பிசகினால் அது வீண். 2008-இல் நடந்தது அதற்குச் சாட்சி.

லினக்ஸ் 2.6.27-இன் சோதனை வெளியீடுகளைப் போட்ட சிலரின் கணினிகளில், இன்டெல் நெட்வொர்க் சிப்பின் நினைவகம் அழிந்து, இணைய இணைப்பே செத்துப்போனது. மறுபடி இயக்கினாலும் சரியாகவில்லை. எல்லாரும் முதலில் கை நீட்டியது இ1000இ என்ற டிரைவரை நோக்கி. உண்மையான காரணம் வேறு: கெர்னலைக் கண்காணிக்கும் எஃப்டிரேஸ் என்ற கருவி. ஒரு நிரல் முன்பு இருந்த முகவரியை அது நினைவில் வைத்திருந்தது. அந்த நிரல் வெளியேறிய பின், அதே முகவரி நெட்வொர்க் சிப்புக்குப் போனது. ஆள் மாறியது தெரியாமல் கருவி அங்கே எழுதப் போனது.

தீர்வு இரண்டு பக்கமும் வந்தது. கருவியின் அந்த வசதி முடக்கப்பட்டது. குற்றம் தன்னுடையது இல்லை என்றாலும், டிரைவரும் சிப்பின் நினைவகத்துக்குப் பூட்டு போட்டது.

நல்ல டிரைவர் எதையெல்லாம் யோசிக்கும்?

• சாதனம் இன்னும் இருக்கிறதா? பிசிஐ எக்ஸ்பிரஸ் சாதனம் பாதியில் காணாமல் போனால், படிக்கும் பிட் எல்லாம் 1 என்றே வரும். அதை உண்மையான தகவல் என்று நம்பிவிடக்கூடாது.
• எவ்வளவு நேரம் காத்திருப்பது? பதில் வரும்வரை என்று நின்றால் கணினி உறைந்துவிடும். கால வரம்பு வேண்டும்.
• வந்த தகவலின் அளவு சரியா? எண்ணிப் பார்த்த பிறகே படிக்க வேண்டும்.
• தூங்கி எழுந்த பின்? லேப்டாப்பை மூடித் திறக்கும்போது சாதனம் தன் அமைப்புகளை மறந்திருக்கலாம். மீண்டும் சொல்லித்தர வேண்டும்.
• பாதியில் தோற்றால்? எடுத்த வளங்களை, எடுத்த வரிசைக்கு நேர்மாறாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இவை வேலை செய்கின்றனவா என்று பார்க்க, தவறை வேண்டுமென்றே உண்டாக்க வேண்டும். நினைவகம் இல்லை என்று பொய் சொல்லி டிரைவரைச் சோதிக்கும் வசதி லினக்ஸிலேயே உண்டு. புதுப்பிப்பை எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாமல், முதலில் சிலருக்கு மட்டும் அனுப்பிப் பார்ப்பது இன்னொரு காப்பு. 2024 சம்பவத்துக்குப் பிறகு கிரவுட்ஸ்டிரைக்கும் இந்தப் படிப்படியான முறைக்கு மாறியது.

பொறியியல் படிக்கும் நீங்கள் நாளை பாயான் லெப்பாஸில் டிரைவர் எழுதும் வேலைக்குப் போகலாம். அங்கே உங்கள் கோட் சரியாக ஓடுவதைக் காட்டினால் மட்டும் போதாது. கேபிளைப் பிடுங்கிய பிறகும் கணினி நிமிர்ந்து நிற்கிறதா என்றும் காட்ட வேண்டும்.