குதிரையேறுவார் உடை

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் பூம்புகார்த் தெருக்களில் குவிந்த பொருள்களை வரிசைப்படுத்துகின்றார். அவ்வரிசையின் தலையில் நிற்பவை கடல்வழியே வந்த குதிரைகள். அதே வரிசையில் காழகத்துப் பொருள்களும் உண்டு. காழகம் என்பதற்குக் கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை வகுத்தார். அக்கடாரமே இன்றைய கெடா என்பது அறிஞர் பலரின் துணிபு. ஆக, குதிரையும் கெடாவும் ஒரே பாட்டில், ஒரே துறைமுகத்தில் சந்திக்கின்றன. குதிரை வந்தது; குதிரையேறுவார் உடையும் உடன் வந்ததா என்பது ஆராய்தற்குரியது.

நப்பூதனாரின் முல்லைப்பாட்டு இதற்கு ஒருவாறு விடை தருகின்றது. அரசனின் பாசறையைக் காக்கும் யவனரைப் புலவர் அங்கே காட்டுகின்றார். அவர்கள் இறுக உடுத்தியவர்கள்; உடைமேல் மத்திகை வளைந்து கிடக்கின்றது; உடம்பில் மெய்ப்பை அணிந்திருக்கின்றனர். மத்திகை என்பது குதிரைச் சம்மட்டி. சாட்டையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லாகிய மாஸ்டிக்ஸ் என்பதே தமிழில் மத்திகை ஆயிற்று என்பர் மொழிநூலார். மெய்ப்பை என்பது சட்டை. மெய்யை இட்டு வைக்கும் பை! தைத்த சட்டை தமிழ்ப் புலவருக்குப் புதுமையாகத் தோன்றியிருத்தல் வேண்டும். இன்றேல், அயலாரின் அச்சந்தரும் தோற்றத்தை வருணிக்கப் புகுந்தவர் அதனை எடுத்துரைத்திரார்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோவும் இதற்குச் சான்று பகர்கின்றார். இந்நாட்டு மன்னர் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கினர் என்றும், பேணும் முறை அறியாமையால் அவற்றுள் பெரும்பாலானவை மடிந்தன என்றும் அவர் எழுதினார். கோட்டு வெட்டித் தைக்கும் தையற்காரர் இந்நாட்டில் இல்லை என்றும் குறித்தார். இது மிகைக்கூற்றே எனினும் உள்ளீடற்றதன்று. வெப்ப நாட்டுக்குத் தைக்காத ஆடையே தகுதியானது. சீவக சிந்தாமணியில் வரும் வட்டுடை என்பதும் வீரர் முழந்தாளளவாக உடுத்த உடையே ஆகும். குதிரையை விலைக்கு வாங்கிய நாடு, குதிரைநாட்டு உடையை அப்படியே வாங்கிக்கொள்ளவில்லை.

குதிரைநாட்டு உடை எவ்வாறு தோன்றிற்று? சீனத்தின் மேற்கெல்லையில் துர்பான் என்னும் இடத்தை அடுத்த யாங்ஹாய் இடுகாட்டில் கிடைத்த கம்பளிக் கால்சட்டைகளைப் பற்றி 2014ஆம் ஆண்டில் ஆய்வறிக்கை ஒன்று வெளியாயிற்று. அவற்றின் காலம் கி.மு. 13ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது. கால்களுக்கு இரு துண்டுகளும், அவற்றிடையே அகன்ற மூன்றாம் துண்டும் வைத்து அவை தைக்கப்பட்டுள்ளன. அந்த மூன்றாம் துண்டே குதிரைமேல் காலை விரித்து உட்கார இடந்தந்தது. தொடை உராயாமல் காக்கவும், கால்கள் தடையின்றி அசையவும் பிறந்த உடை கால்சட்டை. கி.மு. 307இல் ஜாவோ நாட்டு மன்னன் வூலிங், தன் படைஞர் நீண்ட அங்கியை விடுத்து வடபுல நாடோடிகளைப் போலக் கால்சட்டை அணிந்து குதிரையேற வேண்டும் என்று கட்டளையிட்டான். அவன் சிற்றப்பனே முதலில் மறுத்தான். முன்னோர் உடையை மாற்றுவது முறையன்று என்பது மறுத்தோர் கருத்து. பயனைக் கருதி உடையை மாற்றுவதே முறை என்பது மன்னன் கருத்து. குதிரையேறுவார் உடையைப் பற்றி அன்று தொடங்கிய இவ்வழக்கு இன்றும் முடிந்தபாடில்லை.

இக்காலத்துக் குதிரைக் காட்சிப் போட்டிகளில் காணும் உடை பெரும்பாலும் ஆங்கில நாட்டில் உருப்பெற்றது. அதன் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு காரணம் உண்டு. கோட்டின் பின்புறம் பிளந்திருப்பது, அதன் மடிப்புகள் சேணத்தின் இருபுறமும் தொங்குவதற்காக. பள்ளி ஆண்டு விழாவுக்குக் கோட்டணிந்து வரும் ஆசிரியரின் முதுகுப்புறத்திலும் அப்பிளவு உண்டு. அவர் குதிரையேறாவிடினும் அவர் கோட்டு குதிரையை மறக்கவில்லை. பூட்ஸுக்குக் குதிகால் உயர்ந்திருப்பது, பாதம் அங்கவடிக்குள் முழுதும் நுழைந்து சிக்காமல் இருப்பதற்காக. கழுத்தில் கட்டும் வெள்ளைத் துணி, வேட்டைக்களத்தில் அடிபட்டால் காயங்கட்டவும் உதவும் என்பர்.

இந்திய மண் இவ்வுடைக்குத் தந்த கொடை ஜோத்பூர்க் கால்சட்டை. ஜோத்பூர் அரசமரபைச் சேர்ந்த சர் பிரதாப் சிங் (1845–1922) 1897இல் விக்டோரியா அரசியின் வைர விழாவுக்காக இலண்டன் சென்றார். அவரும் அவரோடு சென்றோரும் அணிந்த கால்சட்டை ஆங்கிலேயரின் கண்ணைக் கவர்ந்தது. வழியில் கப்பல் உடைந்து பெட்டிகள் பறிபோனமையால், இலண்டன் தையற்காரருக்கு அதன் வெட்டுமுறையைச் சொல்லிக்கொடுக்க நேர்ந்தது என்றொரு கதையும் வழங்குகின்றது. அக்கால்சட்டை இடுப்பிலிருந்து தொடைவரை அகன்று பருத்திருக்கும்; முழங்காலுக்குக் கீழே கணுக்கால்வரை ஒட்டிப் பிடித்திருக்கும். வடநாட்டுச் சூடிதாரின் உறவு அது. காலின் கீழ்ப்பகுதியை அதுவே காத்தமையால் முழங்காலளவு உயர்ந்த பூட்ஸ் தேவையற்றதாயிற்று. குட்டைப் பூட்ஸ் போதுமானதாயிற்று.

தொடைப்பக்கம் பருத்திருந்ததைப் பிற்காலத்தார் பலர் அழகுக்கென்றே எண்ணினர். உண்மை அதுவன்று. அக்காலத் துணி இழுத்தால் நீளாது. நீளாத துணியை உடலோடு ஒட்டத் தைத்தால், குதிரைமேல் ஏறும்போதே தையல் பிரியும். முழங்காலை மடக்கவும் இயலாது. ஆகவே அசைவுக்கு வேண்டிய இடத்தைத் துணியின் அகலத்திலேயே வைத்தனர். 1958இல் அமெரிக்காவில் டுபாண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஜோசப் ஷிவர்ஸ் என்னும் வேதியியலார் ஸ்பாண்டெக்ஸ் என்னும் நீளும் இழையை ஆக்கினார். அத்தகைய இழைகள் துணியில் கலந்தபின் அசைவுக்குரிய இடம் துணியின் நெசவுக்குள்ளேயே அமைந்துவிட்டது. தொடையின் பருமை மறைந்தது. உருவம் மாறிற்று, காரணம் மாறவில்லை.

உடைக்குக் காரணங்களேயன்றித் தகுதிவேலியும் இருந்தது. ஒலிம்பிக்கின் கலைக்குதிரையேற்றப் போட்டி நெடுங்காலம் படை அலுவலருக்கும் சீமான்களுக்குமே உரியதாயிருந்தது. 1948இல் இலண்டனில் சுவீடன் நாட்டு அணி தங்கம் வென்றது. அணியில் ஒருவராகிய கேனால் பெர்சன் உண்மையில் சார்ஜண்ட். போட்டிக்காகவே தற்காலிகமாக லெப்டினண்ட் ஆக்கப்பட்டவர். போட்டி முடிந்ததும் அவர் பழைய நிலைக்கே திரும்பினார். இது தெரிந்ததும் மறு ஆண்டில் அணியின் பதக்கம் பறிக்கப்பட்டது. குதிரையும் அதுவே, திறமும் அதுவே. தோளில் இருந்த பட்டையே குறை. பின்னர் விதி மாறிற்று. 1952இல் ஹெல்சிங்கியில் அதே மூவரும் ஏறி மீண்டும் தங்கம் வென்றனர். அவ்வாண்டில்தான் பெண்டிரும் இப்போட்டியில் ஆடவரோடு நின்றனர். இளம்பிள்ளை வாதத்தால் முழங்காலுக்குக் கீழ் செயலிழந்த டென்மார்க்கு நாட்டு லிஸ் ஹார்ட்டல் வெள்ளிப் பதக்கம் பெற்றார்.

பெண்டிர் உடைக்கும் ஒரு கதை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அவர்கள் இரு காலையும் ஒரு பக்கமே போட்டு, நீண்ட பாவாடையோடு ஏறினர். விழுந்தால் பாவாடை சேணக்கொம்பில் மாட்டிக்கொள்ள, குதிரை அவர்களைத் தரையில் இழுத்துச் செல்லும். உயிர்கள் போயின. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில், மாட்டினால் கழன்றுவிடும் காப்புப் பாவாடைகள் தோன்றின. பின்னர்ப் பெண்டிரும் கால்சட்டை அணிந்து இருபுறமும் கால்போட்டு ஏறினர். அடக்கம் என்னும் பெயரால் நின்ற உடை, உயிர் என்னும் காரணத்தால் மாறிற்று.

குதிரைமேலிருப்பவர் உயர்ந்தவர், கீழே நடப்பவர் தாழ்ந்தவர் என்னும் எண்ணத்தை மலாயாத் தோட்டத் தமிழரும் அறிவர். கெடா 1909இல் சயாமின் மேலாண்மையிலிருந்து ஆங்கிலேயர் மேலாண்மைக்கு மாறியபின் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. மோட்டார் வண்டி பரவுமுன் தோட்டத்துத் துரைமார் குதிரையேறி நிரை பார்த்த காலமும் இருந்தது. குதிரை போனபின்னும் அந்த எண்ணம் போகவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு இன்னொன்றும் கேட்டனர்: துரையோ கிராணியோ எதிர்ப்பட்டால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும். ஏறியிருத்தலின் பெருமையை ஒருவர் தமக்கே உரியதாக்கிக்கொள்ளக் கூடாது என்பதே அக்கோரிக்கையின் பொருள். ஹெல்சிங்கியில் வேலி தகர்ந்ததற்கு 11 ஆண்டு முன்னரே கிள்ளானில் அக்குரல் எழுந்தது.

இனித் தலைப்பொருளுக்கு வருதல் வேண்டும். உயிர் நிற்கும் இடம் அதுவே. 1849இல் இலண்டன் தொப்பிக் கடையொன்றில், எட்வர்டு கோக் என்பாருக்காகக் கெட்டியான வட்டத் தொப்பி ஒன்று செய்யப்பட்டது. குதிரைமேல் செல்லும் வேட்டைக்காவலரின் தலை தாழ்ந்த கிளைகளில் மோதாமல் காப்பதே அதன் நோக்கம். ஆனால் போட்டிக் களத்தில் உயர்ந்த பட்டுத் தொப்பியே மதிப்புப் பெற்றது. அது காற்றைத் தவிர வேறெதனையும் தடுக்காது. 2010இல் அமெரிக்க ஒலிம்பிக் வீராங்கனை கோர்ட்னி கிங்-டை, தலைக்கவசம் இன்றிப் பயிற்சி செய்கையில் குதிரை இடறி விழ, மண்டையோடு முறிந்து நெடுநாள் நினைவிழந்து கிடந்தார். அதன்பின் பலர் மனம் மாறினர். 2012இல் இலண்டனில் ஷார்லட் டுஜார்டின் தலைக்கவசம் அணிந்தே ஒலிம்பிக் தங்கம் வென்றார். 2021 ஜனவரி முதல் நாள் தொட்டு உலகக் குதிரையேற்றச் சம்மேளனம் கலைக்குதிரையேற்றத்திலும் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கிற்று. பட்டுத் தொப்பியின் காலம் அத்துடன் முடிந்தது.

இவ்வரலாறு, பல்லாண்டு விட்டுக் களத்துக்குத் திரும்புவார்க்கு நேரான பயன் தருகின்றது. பெட்டியிலிருந்து எடுத்த பழைய உடையில் எதனை வைத்துக்கொள்வது, எதனைக் கைவிடுவது என்பதே அவர் முன்னுள்ள வினா. காரணம் நிலைத்திருப்பதை வைத்துக்கொள்ளலாம். காரணம் கெட்டதைக் கைவிடுதல் வேண்டும்.

கோட்டு பெரும்பாலும் நிற்கும். தோள் பொருந்துமாயின், பக்கத் தையலுக்குள் மடித்து விடப்பட்ட துணியைப் பிரித்து அகலப்படுத்தலாம். ஆனால் நின்றபடி அளவெடுத்தால் பிழைபடும். கடிவாளம் பிடிப்பதுபோல் முழங்கையை மடக்கிக் கையை முன்னே நீட்டினால் கைந்நுனி ஏறிவிடும். உட்கார்ந்தால் பின்பிளவு விரியும். ஆதலின் உட்காரவைத்தே அளத்தல் வேண்டும். கூலிம் மாவட்டத்துக் கரங்கானிலோ பாடாங் செராயிலோ உள்ள தையற்கடைக்கு அத்தகைய கோட்டு வந்தாலும், இவ்வளவு சொன்னால் கைதேர்ந்த தையற்காரர் செய்து முடிப்பார். வெப்பம் மிகுந்த நாளில் கோட்டின்றி ஏறப் போட்டி நடுவர் இசைவளிப்பதும் உண்டு. தைக்காத ஆடையைப் போற்றிய நாட்டாருக்கு அதன் அருமை தெரியும்.

பழைய பருத்த கால்சட்டையை மட்டும் இக்காலத்து உருவத்துக்கு ஒடுக்கித் தைத்தல் ஆகாது. துணி நீளாது, பருமையை எடுத்துவிட்டால் அசைவுக்கு இருந்த இடமும் போய்விடும். தோற்றம் புதிதாகும், முழங்கால் மடங்காது. அதனை உள்ளபடியே பேணி வைப்பதும், அணிவதற்கு நீளும் துணியில் புதியது வாங்குவதுமே தக்கது. பூட்ஸின் தோல் வெடிக்காதிருந்தால் அடித்தோலை மாற்றித் தைக்கலாம். குதிகாலை மட்டும் குறைத்தல் கூடாது.

தலைக்கவசத்தில் சிக்கனம் ஆகாது. அதன் உட்புறத்து நுரை, மோதும்போது தான் நசுங்கி அடியின் வேகத்தை ஏற்றுக்கொள்கின்றது. ஒருமுறை நசுங்கியது மறுமுறை காவாது. வியர்வையும் வெப்பமும் ஆண்டுகளும் அதனை மெலிவிக்கும். ஏறத்தாழ 5 ஆண்டுக்கு ஒருமுறையும், ஒவ்வொரு வீழ்ச்சிக்குப் பின்னும் புதியது வாங்க வேண்டும் என்று செய்வோரே அறிவுறுத்துகின்றனர். பழைய வெல்வெட்டுத் தொப்பி கண்ணாடிப் பேழைக்கு உரியது; தலைக்கு உரியதன்று.

2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியாவின் நால்வர் அணி கலைக்குதிரையேற்றத்தில் தங்கம் வென்றது. குதிரையேற்றத்தில் இந்தியா பெற்ற தங்கம் 1982க்குப்பின், அதாவது 41 ஆண்டுக்குப்பின், அதுவே முதல். ஜோத்பூர்க் கால்சட்டையை உலகுக்குத் தந்த நாட்டின் இளைஞர், பட்டுத் தொப்பியின்றித் தலைக்கவசத்தோடு களத்தில் நின்றனர். முன்னோர் உடையை அப்படியே உடுப்பது மட்டும் அவரைப் போற்றுதலாகாது. எதற்காக அவர் அதனைத் தைத்தார் என்று அறிந்து தைப்பதே அவரைப் போற்றுதலாம்.